எல்லை கடந்த பதினொருவர்

நம் இலக்கிய வட்டம் பத்தாண்டு நிறைவு காணும் இவ்வேளையில் மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு மலர்க்குழுவினர் பணித்தனர். சங்கப் பெண்பாற் புலவர்களை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றவள் என்பதால், அத்துறையிலேயே ஒரு கட்டுரையை எழுதித் தந்துவிடுவது எனக்கு எளிதாக இருந்திருக்கும். ஆனால் வகுப்பறையில் நிகழ்ந்த சிறு நிகழ்ச்சியொன்று என்னை வேறு திசைக்குத் திருப்பிவிட்டது.

தில்லையாடி வள்ளியம்மையைப் பற்றி மாணவியரிடம் கேட்டேன். அனைவரும் அறிந்திருந்தனர். தென்னாப்பிரிக்காவில் அவருக்கு முன்னரே சிறை புகுந்த தமிழ்ப் பெண்களுள் வேறொருவர் பெயரைச் சொல்லுங்கள் என்றேன். வகுப்பு அமைதியாயிற்று. அவ்வமைதி மாணவியருக்கு மட்டும் உரியதன்று. அவ்வினாவை யாரேனும் என்னிடம் இருபது ஆண்டுகளுக்கு முன் கேட்டிருந்தால் நானும் வாய்மூடியே இருந்திருப்பேன். அன்று மாலை நூலகத்தில் பழைய பதிவுகளைப் புரட்டத் தொடங்கினேன். அத்தேடலின் பயனே இக்கட்டுரை. குடியேற்றத்தைத் தடுக்க ஓர் அரசு இயற்றிய சட்டங்களையும், அச்சட்டங்களை மீறிய எளிய மக்களையும், அவர்களுள் பெயர் மறைந்துபோன சில பெண்களையும் இது பேசுகிறது.

கதவு அடைபட்ட வரலாறு

1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் 'ட்ரூரோ' என்னும் கப்பல் சென்னையிலிருந்து டர்பன் துறைமுகத்தை அடைந்தது. நேட்டால் குடியேற்ற நாட்டின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த முதல் இந்தியர்கள் அதிலிருந்து இறங்கினர். 1911இல் இம்முறை நிறுத்தப்படும் வரை ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் பேர் இவ்வாறு கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள் பெரும்பகுதியினர் சென்னை மாகாணத்தவர். தமிழும் தெலுங்கும் பேசியோர்.

ஐந்தாண்டு ஒப்பந்தம் முடியும்வரை அவர்களை விரும்பி அழைத்த அதே நாடு, ஒப்பந்தம் முடிந்தபின் அவர்கள் அங்கே மனிதராக வாழ முற்பட்டபோது முகஞ்சுளித்தது. நிலத்தை உழ அவர்கள் கை வேண்டும். நிலத்தில் நிற்க அவர்கள் கால் கூடாது. இம்மனநிலையே பின்னர் வந்த சட்டங்கள் அனைத்திற்கும் வித்து.

1895ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, அதன்பின் ஒப்பந்தத்தில் வந்து, காலம் முடிந்தும் தாயகம் திரும்பாமலும் மீண்டும் ஒப்பந்தத்தில் சேராமலும் இருப்போர் ஆண்டுக்கு மூன்று பவுன் வரி செலுத்த வேண்டும் என்றது. 1903இல் இவ்வரி அவர்தம் பிள்ளைகள் மீதும் சுமத்தப்பட்டது. பதினாறு வயது நிரம்பிய மகனுக்கும் பதின்மூன்று வயது நிரம்பிய மகளுக்கும் தனித்தனியே மூன்று பவுன். மாதக் கூலி சில ஷில்லிங்குகளேயான குடும்பத்திற்கு இது வரியன்று. மீண்டும் அடிமையாகு அல்லது வெளியேறு என்னும் ஆணை.

1897இல் நேட்டால் அரசு குடியேற்றத் தடைச்சட்டம் ஒன்றை இயற்றியது. அதில் இந்தியர் என்ற சொல்லே இல்லை. ஐரோப்பிய மொழியொன்றில் விண்ணப்பம் எழுதத் தெரியாதவர் உள்ளே வரக்கூடாது என்று மட்டுமே இருந்தது. தோலின் நிறத்தைக் கூறாமலே நிறத்தால் மக்களைப் பிரிக்கும் இத்தந்திரம் இலண்டனுக்குப் பெரிதும் பிடித்துப்போயிற்று. குடியேற்ற நாடுகளின் அமைச்சர் ஜோசப் சேம்பர்லேன் இதனைப் பிற குடியேற்ற நாடுகளுக்கும் பரிந்துரைத்தார். 1901இல் ஆஸ்திரேலியா மேற்கொண்ட சொல்வதெழுதுதல் தேர்வு இதன் வழிவந்ததே. மொழி என்பது மனிதரை இணைக்கும் பாலம் என்று மேடைதோறும் முழங்கும் நாம், மொழியே வாயிற்காவலனின் தடியாக மாறிய வரலாற்றையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

பத்து விரல்கள்

நேட்டாலுக்கு வடக்கே டிரான்ஸ்வால். 1906 ஆகஸ்டில் அங்கே ஒரு சட்ட முன்வரைவு வெளியாயிற்று. எட்டு வயதுக்கு மேற்பட்ட ஆசியர் ஒவ்வொருவரும் பதிவு செய்துகொள்ள வேண்டும். பத்து விரல்களின் ரேகையையும் தர வேண்டும். காவலர் கேட்கும் இடத்தில் கேட்கும் நேரத்தில் சான்றிதழைக் காட்ட வேண்டும். தவறினால் தண்டம், சிறை, நாடுகடத்தல். குற்றவாளிகளிடம் வாங்கப்பட்ட பத்து விரல் ரேகையைக் குற்றம் எதுவும் செய்யாத ஓர் இனம் முழுவதிடமும் அச்சட்டம் கேட்டது. இந்தியர் அதனைக் கறுப்புச் சட்டம் என்றே அழைத்தனர்.

செப்டம்பர் 11ஆம் நாள் ஜோகனஸ்பர்க் நகரின் எம்பயர் நாடக அரங்கில் ஏறத்தாழ மூவாயிரம் பேர் கூடினர். சட்டம் நிறைவேறினால் அதற்குப் பணிவதில்லை. அதனால் வரும் துன்பம் அனைத்தையும் ஏற்பது என்று எழுந்து நின்று உறுதி பூண்டனர். சத்தியாக்கிரகம் என்ற சொல் அன்று பிறந்திருக்கவில்லை, பொருள் பிறந்துவிட்டது. இலண்டன் முதலில் இசைவு மறுத்தது. ஆனால் 1907இல் டிரான்ஸ்வால் தன்னாட்சி பெற்றவுடன் அதே சட்டத்தைத் தானே நிறைவேற்றிக்கொண்டது. ஜூலை முதல் பதிவு அலுவலகங்கள் திறந்திருந்தன. தொண்டர்கள் வாயிலில் நின்று வருவோரைப் பணிவுடன் தடுத்தனர். மாதக்கணக்கில் காத்திருந்தும் ஐந்நூறு பேர் அளவே பதிவு செய்தனர் என்று காந்தியடிகள் எழுதுகிறார். சீனரும் இப்போராட்டத்தில் தோளோடு தோள் நின்றனர். 1908 ஜனவரியில் அமைச்சர் ஸ்மட்ஸுக்குச் சிறையிலிருந்து சென்ற உடன்பாட்டு மடலில் காந்தியடிகளோடு ஒப்பமிட்ட இருவருள் ஒருவர் சீனர் தலைவர் லியுங் குவின்; மற்றவர் தம்பி நாயுடு.

விரும்பிப் பதிந்துகொண்டால் சட்டம் நீக்கப்படும் என்ற உடன்பாடு நிறைவேறவில்லை என்று கண்டபோது, 1908 ஆகஸ்ட் 16ஆம் நாள் ஹமீதியா பள்ளிவாசல் திடலில் பெரிய இரும்புக் கொப்பரை ஒன்று வைக்கப்பட்டது. இரண்டாயிரத்திற்கும் மேற்பட்ட சான்றிதழ்கள் அதில் இடப்பட்டு, மண்ணெண்ணெய் ஊற்றி எரிக்கப்பட்டன.

இதன்பின் போராட்டம் நீண்டது, கூட்டம் குறைந்தது. பெருவணிகர் பலர் இழப்பதற்கு நிரம்ப இருந்தமையால் விலகினர். இழக்கச் சிறிதே வைத்திருந்த தமிழ்க் கூடைவணிகரும் எழுத்தரும் சமையற்காரரும் மீண்டும் மீண்டும் சிறைக்குச் சென்றனர். தமிழரின் இவ்வுறுதியைக் காந்தியடிகள் பலமுறை வியந்து பதிந்துள்ளார். சாமி நாகப்பன் என்னும் பதினெட்டு வயது இளைஞர் சிறையின் குளிரால் நுரையீரல் அழற்சியுற்று, விடுதலையான சில நாள்களிலேயே, 1909 ஜூலை 6ஆம் நாள் உயிர்நீத்தார்.

அடுத்து அரசு கையாண்டது நாடுகடத்தல். தென்னாப்பிரிக்காவிலேயே பிறந்து, இந்தியாவைக் கண்ணாலும் காணாதவர் சிலரையும் 'உங்கள் நாட்டிற்கு' என்று கப்பலேற்றினர். சென்னையில் இறங்கிய அவர்களுக்கு உணவும் உறையுளும் தந்து தாங்கியவர் பதிப்பாளர் ஜி.ஏ. நடேசன். அவர்களுள் பலர் மீண்டும் கப்பலேறித் திரும்பினர். அவ்வாறு திரும்பிய நாராயணசாமியைத் துறைமுகந்தோறும் இறங்கவிடாது தடுத்தனர். டர்பன், போர்ட் எலிசபெத், கேப்டவுன் என்று கப்பலின் மேற்றளத்திலேயே வெயிலிலும் குளிரிலும் அலைக்கழிந்த அவர், 1910 அக்டோபர் 16ஆம் நாள் டெலகோவா விரிகுடாவில் மாண்டார். கரை தெரியும் தொலைவில் நின்றும் கரையேற முடியாமல் இறந்த அம்மனிதரை நினைக்குந்தோறும், நெய்தல் திணையின் இரங்கலுக்கு நம் காலம் புதுப்பொருள் ஒன்றைச் சேர்த்துவிட்டது என்று தோன்றுகிறது.

ஒரு தீர்ப்பு

1910இல் நான்கு நாடுகளும் இணைந்து தென்னாப்பிரிக்க ஒன்றியம் ஆயின. எனினும் இந்தியருக்கு அந்நான்கும் நான்கு கூண்டுகளாகவே நீடித்தன. ஒரு மாநிலத்தில் வாழும் இந்தியர் இசைவின்றி மற்றொரு மாநிலத்திற்குள் கால்வைத்தல் குற்றம்.

1913 மார்ச் 14ஆம் நாள் கேப் மாநில உயர்நீதிமன்றத்தில் நீதிபதி சியர்ல் ஒரு தீர்ப்பு வழங்கினார். ஹாசன் எசாப் என்பவர் இந்தியாவிலிருந்து வந்த தம் மனைவி மரியத்தை நாட்டிற்குள் விட வேண்டும் என்று தொடுத்த வழக்கு அது. பலதார மணத்தை ஏற்கும் சமய முறைப்படி நடந்த திருமணத்தைச் சட்டம் ஏற்காது. ஆகவே மனைவி என்ற உரிமையில் அவர் உள்ளே வர இயலாது என்பது தீர்ப்பு. குடிவரவு அலுவலகத்தின் சிறிய வழக்கொன்றில் எழுந்த இச்சொற்களின் நிழல் தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்த இந்துக்கள், இசுலாமியர், பார்சிகள் அனைவர் இல்லங்களின் மீதும் விழுந்தது. அவர்தம் மனைவியர் சட்டத்தின் கண்ணில் மனைவியர் அல்லர். பிள்ளைகள் உரிய பிள்ளைகள் அல்லர்.

கரணம் ஏன் வந்தது என்பதற்குத் தொல்காப்பியம் தரும் விளக்கத்தை இம்மன்றத்தினர் அறிவர். பொய்யும் வழுவும் மக்களிடையே தோன்றிய பின்னரே சடங்கு வகுக்கப்பட்டது என்பது அதன் கருத்து. அன்பு முந்தியது, சடங்கு பிந்தியது, பதிவேடு அதனினும் பிந்தியது. அந்நீதிமன்றமோ இவ்வரிசையைத் தலைகீழாக்கிற்று. பதிவேட்டில் இல்லாத சடங்கு சடங்கன்று. சடங்கில்லாத அன்பு அன்பன்று என்றாயிற்று.

அவ்வாண்டே குடியேற்ற ஒழுங்குச் சட்டம் நிறைவேறி ஆகஸ்ட் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. பொருளாதாரக் காரணங்களாலோ வாழ்க்கைத் தரம், பழக்கவழக்கம் ஆகியவற்றாலோ பொருந்தாதவர் என்று அமைச்சர் கருதும் வகுப்பினரைத் தடை செய்யலாம் என்பது அதன் ஒரு பிரிவு. அதன்கீழ் ஆசியர் அனைவரும் ஒரே கையெழுத்தில் பொருந்தாதவர் ஆயினர். நேட்டால் சட்டத்தைப் போன்றே இதிலும் இனத்தின் பெயர் இல்லை.

பதினொருவர்

அதுவரை பெண்களைச் சிறைக்கு அனுப்பக் காந்தியடிகள் இசையவில்லை. சியர்ல் தீர்ப்பு அத்தயக்கத்தை நீக்கிற்று. உண்மையில், அவர் அழைக்கும் வரை பெண்கள் வாளா இருக்கவில்லை. டிரான்ஸ்வால் இந்தியப் பெண்கள் சங்கத்தார் 1913 மே மாதத்திலேயே, தீர்ப்பின் இழிவு நீங்காவிடில் தாங்களும் சிறை ஏகுவோம் என்று அரசுக்குத் தந்தி அனுப்பிவிட்டனர்.

செப்டம்பரில் பீனிக்ஸ் குடியிருப்பிலிருந்து கஸ்தூரிபாய் உள்ளிட்ட நான்கு பெண்களும் பன்னிரண்டு ஆண்களும் எல்லை கடந்து வோக்ஸ்ரஸ்டில் கைதாகி மூன்று மாதக் கடுங்காவல் பெற்றனர். மற்றொரு குழு டிரான்ஸ்வாலிலிருந்து புறப்பட்டது. டால்ஸ்டாய் பண்ணையில் வாழ்ந்து எளிமைக்குப் பழகியவர்கள் அவர்கள். மொத்தம் பதினொரு பெண்கள். ஒருவரைத் தவிர அனைவரும் தமிழகத்தை வேராகக் கொண்ட குடும்பத்தினர். சிலர் கைக்குழந்தையுடன் வந்தனர்.

முதலில் வெரீனிங்கில் எல்லையைக் கடந்து ஆரஞ்சு விடுதலை மாநிலத்திற்குள் நுழைந்தனர். காவலர் கைது செய்யவில்லை. உரிமமின்றித் தெருவில் பொருள் விற்றனர். அப்போதும் கைது செய்யவில்லை. பெண்களைச் சிறையிலிட்டால் இந்தியாவில் எழும் கொந்தளிப்பை அரசு உணர்ந்திருந்தது. சட்டம் இயற்றியவரே சட்டத்தைச் செலுத்த அஞ்சிய விந்தையை இங்கே காண்கிறோம். தண்டனை பெறுவதற்காகவே அப்பெண்கள் நாள்கணக்கில் அலைய வேண்டியதாயிற்று.

பின்னர் அவர்கள் தெற்கே திரும்பி, இசைவின்றி நேட்டால் எல்லையைக் கடந்து, நிலக்கரிச் சுரங்கங்கள் சூழ்ந்த நியூகாசிலை அடைந்தனர். லாசரஸ் என்னும் தமிழ்க் கிறித்தவக் குடும்பத்தார், தொழிலுக்கும் உடைமைக்கும் கேடு வரும் என்று அறிந்தும், தம் சிறிய வீட்டைத் திறந்துவிட்டனர். அப்பெண்கள் சுரங்கத் தொழிலாளரின் குடியிருப்புகளுக்குச் சென்று பேசினர். என்ன பேசினர் என்பதற்கு எழுத்துச் சான்று நம்மிடம் இல்லை. பேசிய மொழி தமிழும் தெலுங்கும் இந்துஸ்தானியுமாக இருந்திருக்க வேண்டும். பேசிய பொருள் மூன்று பவுன் வரி. அக்டோபர் நடுவில் சுரங்கங்களில் வேலைநிறுத்தம் தொடங்கிற்று. அது தீயெனப் பரவியது.

இப்போது அரசு தயங்கவில்லை. பதினொருவரும் கைதாயினர், மூன்று மாதக் கடுங்காவல், மாரிட்ஸ்பர்க் சிறை. உணவு மிக இழிந்தது. இட்ட பணி துணி வெளுத்தல்.

வரலாற்று நூல்கள் இவ்வேலைநிறுத்தத்தைக் காந்தியடிகளின் பெருவெற்றி என்று எழுதுகின்றன. திட்டம் அவருடையது என்பது உண்மை. ஆனால் சுரங்க வாயிலில் நின்று முதற்சொல்லைச் சொன்னவர்கள் அப்பெண்கள். அதனை அவரே தம் நூலில் மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

நடந்தவர்கள்

வேலையை விட்டவர் சுரங்க முதலாளியின் குடிசையையும் விட்டாக வேண்டும். ஆயிரக்கணக்கானோர் மூட்டையுடன் தெருவிற்கு வந்தனர். அவர்களை நடத்திச் சென்று டிரான்ஸ்வால் எல்லையைக் கடந்து சிறை நிரப்புவது என்று முடிவாயிற்று. 1913 நவம்பர் 6ஆம் நாள் காலை சார்லஸ்டவுனிலிருந்து 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகள் புறப்பட்டனர். ஆளுக்கு நாளொன்றுக்கு ஒன்றரை ராத்தல் ரொட்டியும் ஓர் அவுன்ஸ் சர்க்கரையும் உணவு. வழியில் ஒரு தாயின் குழந்தை குளிர்தாங்காமல் இறந்தது. மற்றொரு தாய் ஓடையைக் கடக்கும்போது குழந்தை கைநழுவி நீரில் மூழ்கிற்று. இருவரும் நடப்பதை நிறுத்தவில்லை.

நான்கு நாள்களில் காந்தியடிகள் மும்முறை கைதானார். ஊர்வலம் கலையவில்லை. பால்ஃபர் என்னும் ஊரில் அனைவரையும் மூன்று தனித் தொடர்வண்டிகளில் ஏற்றி நேட்டாலுக்கே கொண்டுவந்தனர். சிறைகளில் இடமில்லை. ஆகவே சுரங்கங்களையே சிறைகள் என்று அறிவித்து, முதலாளியின் மேற்பார்வையாளரையே சிறைக்காவலர் ஆக்கினர். தொழிலாளி எந்தக் குழியைவிட்டு வெளியேறினானோ அதே குழிக்குள் சாட்டையால் இறக்கப்பட்டான். வேலைநிறுத்தம் கடற்கரைக் கரும்புத் தோட்டங்களுக்குப் பரவியபோது துப்பாக்கிச்சூடு நிகழ்ந்தது. தொழிலாளர் சிலர் மாண்டனர்.

செய்தி இந்தியாவை உலுக்கிற்று. கோகலே ஊர் ஊராகப் பொருள் திரட்டினார். அரசப் பிரதிநிதி ஹார்டிஞ்சு பிரபுவே அந்நவம்பரில் சென்னையில் பேசியபோது, முறையற்ற சட்டங்களை எதிர்ப்போர் பால் வெளிப்படையாகப் பரிவு காட்டினார். தென்னாப்பிரிக்க அரசு டிசம்பரில் விசாரணைக் குழு ஒன்றை அமைத்துக் காந்தியடிகளை விடுவிக்க நேர்ந்தது.

இதற்கிடையில் ஜோகனஸ்பர்க்கிலிருந்து பின்னர்ச் சென்ற பெண்களுள் ஒருவரே பதினாறு வயது வள்ளியம்மை. தாயோடு சிறை புகுந்தவர், தீராத காய்ச்சலோடு வெளிவந்தார். வருந்துகிறாயா என்று காந்தியடிகள் கேட்டதற்கு, மீண்டும் சிறை செல்ல ஆயத்தம் என்னும் பொருளில் விடை தந்தார். 1914 பிப்ரவரி 22ஆம் நாள் மறைந்தார். மறு ஆண்டு தாயகம் திரும்பிய காந்தியடிகள் தமிழகத்தில் சுற்றுப்பயணம் செய்தபோது தில்லையாடிக்கும் சென்றார்.

பெற்றதும் பெறாததும்

1914இல் நிறைவேறிய இந்தியர் துயர்நீக்கச் சட்டம் மூன்று பவுன் வரியை ஒழித்தது. ஒருவனுக்கு ஒருத்தி என்ற அளவில் நம் திருமணங்களை ஏற்றது. இவை சிறிய வெற்றிகள் அல்ல. ஆனால் வரலாற்றை எழுதுவோர் விழாப் பேச்சாளராக மாறிவிடக் கூடாது. குடியேற்றத் தடை நீங்கவில்லை. மாநிலத்திற்கு மாநிலம் செல்லும் தடை நீங்கவில்லை. பதினொருவர் முதலில் கால்வைத்த ஆரஞ்சு விடுதலை மாநிலத்தில் இந்தியர் குடியேற இருந்த தடை 1986 வரை நீடித்தது. அவர்கள் மீறிய எல்லைக்கோடு, மீறிய பின்னும் எழுபது ஆண்டுகளுக்கு மேல் அங்கேயே கிடந்தது.

மற்றொன்றும் சொல்லியாக வேண்டும். அதே 1913இல், அதே ஆரஞ்சு விடுதலை மாநிலத்தின் புளூம்ஃபான்டீன் நகரில், கறுப்பினப் பெண்கள் அடையாளச்சீட்டுச் சுமக்க மறுத்து மே மாத இறுதியில் ஊர்வலம் சென்றனர்; சிறை ஏகினர். அதே ஆண்டு ஜூனில் வந்த நிலச்சட்டம் அம்மண்ணின் மக்களை அவர்தம் மண்ணிலேயே ஏதிலிகள் ஆக்கிற்று. காந்தியடிகளின் 'இந்தியன் ஒப்பீனியன்' இதழ் அப்பெண்களின் துணிவைப் போற்றி எழுதியது. ஆயினும் இரு போராட்டங்களும் ஒன்று சேரவில்லை. இந்தியர் தம்மைக் கறுப்பினத்தாரோடு ஒருங்கு வைத்து எண்ணுவதையே அக்காலத்தில் இழிவாகக் கருதினர். தொடக்க ஆண்டுகளில் காந்தியடிகளின் எழுத்தும் இதற்கு விலக்கன்று. ஒரே ஆண்டில் ஒரே மாநிலத்தின் மண்ணில் ஒரே வகைத் தாளை எதிர்த்து நின்ற இருவகைப் பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமலே சிறை சென்றனர். இது நம் வரலாற்றின் மாசு, மறைத்தால் மறையாது.

காலம் அம்மாசைச் சிறிது துடைத்தது. தம்பி நாயுடுவின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பிற்கால விடுதலைப் போராட்டத்தில் கறுப்பினத்தாரோடு இணைந்து நின்றனர். பேரன் இந்திரேஸ் நாயுடு ராபன் தீவில் பத்தாண்டுகள் சிறையிருந்தார். 1913இல் தொடங்கிய நடை அக்குடும்பத்தில் மூன்றாம் தலைமுறையில்தான் முழுவழியைக் கண்டது.

பெயர்

இனி, வகுப்பறை அமைதிக்கு வருகிறேன். அப்பதினொருவர் பட்டியலைக் காந்தியடிகளே தம் நூலில் தந்துள்ளார். அதனைத் தேடிக் கண்டபோது என் மகிழ்ச்சி நெடுநேரம் நிலைக்கவில்லை. திருமதி தம்பி நாயுடு, திருமதி என். பிள்ளை, திருமதி கே. முருகேச பிள்ளை, திருமதி ஏ. பெருமாள் நாயுடு, திருமதி பி.கே. நாயுடு, திருமதி கே. சின்னசாமி பிள்ளை, திருமதி என்.எஸ். பிள்ளை, திருமதி ஆர்.ஏ. முதலிங்கம், திருமதி பவானி தயாள் என ஒன்பது பெண்கள் கணவர் பெயராலேயே நிற்கின்றனர். திருமணமாகாத இருவருக்கே சொந்தப் பெயர் வாய்த்தது. ஒருவர் மீனாட்சி பிள்ளை. மற்றவர் முருகேச பிள்ளையின் குடும்பத்தவர். ஆங்கில எழுத்தின் வழியே 'பைக்கம்' என்று சிதைந்துள்ள அவர் பெயர் பாக்கியமாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

நீதிமன்றம் அவர்களை நோக்கி, நீங்கள் மனைவியர் அல்லர் என்றது. அதனை மறுத்து அவர்கள் சிறை சென்றனர். வரலாறோ அவர்களை நோக்கி, நீங்கள் மனைவியர் மட்டுமே என்றது. முதல் தீர்ப்பை ஓராண்டில் மாற்றிவிட்டோம். இரண்டாம் தீர்ப்பு நூறாண்டுக்கு மேலாக மேல்முறையீடின்றிக் கிடக்கிறது. காந்தியடிகள் மீது இக்குறையைச் சுமத்திவிட்டு நாம் விலகிக்கொள்வதும் முறையன்று. என் பாட்டியின் பெயர் அவர் நிலப்பத்திரத்தில்கூட இன்னாரின் மனைவி என்ற சொற்களுக்குப் பின்னேதான் வரும். அது அக்கால வழக்கு என்போம். வழக்கு என்று சொல்லி நாம் கடந்து சென்ற இடங்களில்தான் பெண்களின் பெயர்கள் புதைந்துள்ளன.

தேடினால் சில கிடைக்கின்றன. திருமதி தம்பி நாயுடுவின் பெயர் வீரம்மாள். திருமதி பவானி தயாளின் பெயர் ஜக்ராணி. எஞ்சியோர் பெயர்களும் ஏதேனும் ஒரு சிறைப்பதிவேட்டிலோ கப்பல் பட்டியலிலோ, டர்பன் நகரில் வாழும் ஒரு கொள்ளுப்பேத்தியின் நினைவிலோ இருக்கக்கூடும். இளைய ஆய்வாளர்கள் இத்தேடலை மேற்கொள்ள வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

கவிஞர்களுக்கு வேறொரு வேண்டுகோள் உண்டு. அகப்பாடலில் தலைவிக்குப் பெயர் சுட்டாமை மரபு. அங்கே பெயரின்மை அழகு. யாவர்க்கும் உரிய உணர்வு என்பதன் அடையாளம். புறத்திலோ பெயரே உயிர். எல்லை கடந்து சிறை சென்ற செயல் புறச்செயல். அவர்களை அகத்தின் பெயரின்மைக்குள் அடைத்தல் திணைமயக்கம். ஃபிஜித் தீவின் கரும்புத் தோட்டப் பெண்களுக்காகப் பாரதி பாடினார். நியூகாசில் சுரங்க வாயிலில் நின்ற பெண்களுக்கு அத்தகைய பாடல் ஒன்றை நான் இதுவரை படித்ததில்லை.

பெயர் தெரியாமல் எப்படிப் பாடுவது என்று கேட்கலாம். நம் முன்னோர் இதற்கு வழி காட்டியுள்ளனர். இயற்பெயர் மறைந்துபோன புலவரை அவர் பாடிய பாட்டின் தொடராலேயே அழைத்தனர். செம்புலப்பெயல்நீரார் யாவர் என்று நமக்குத் தெரியாது. ஆனால் அவரை நாம் இழக்கவில்லை. சொல் செய்தவர் சொல்லால் பெயர் பெற்றார். செயல் செய்தவர் செயலால் பெயர் பெறலாம் அன்றோ?

அடுத்த முறை வகுப்பில் அவ்வினாவைக் கேட்கும்போது கரும்பலகையில் பதினொரு வரிகள் இடப்போகிறேன். வீரம்மாள், ஜக்ராணி, மீனாட்சி, பாக்கியம் என நான்கு வரிகளை நிரப்புவேன். எஞ்சிய ஏழிலும் 'எல்லை கடந்தார்' என்றே எழுதுவேன். உண்மைப் பெயர் கிடைக்கும் நாளில் ஒவ்வொன்றாக அழித்துத் திருத்திக்கொள்ளலாம்.